நேர்ஸ் வேலைய விடப் போறாவாம்!



கொஞ்சம் நீளமான பதிவு. ரெண்டு கிழமையா பள்ளிவாசல் படியில, கல்யாண வீட்டுச் சஹன்ல, மீன் வாங்கப் போன இடத்துல எல்லாம் எங்களிட்ட ஒரே கேள்விதான். "உங்கட தங்கச்சி நேர்ஸ் வேலைய விடப் போறாவாமே, உண்மையா?" கேட்கிறவங்கட முகத்தைப் பார்த்தா ஏதோ மையித்து வீட்டுக்கு வந்தவங்க மாதிரி இருக்கும். ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா விளக்கம் சொல்லிக் களைச்சுப் போனோம். தங்கச்சியிடம் கேட்டோம், "எழுதுங்க, ஆனா வைத்தியசாலைட பேரைப் போடாதீங்க" என்றாள். அதனால் இங்க எழுதுறோம்.

எங்கட வீட்டில் மூத்தது ரெண்டும் ஆசிரியர். ஒரு ராத்தா, ஒரு காக்கா. கடைசிதான் இந்தத் தங்கச்சி, இப்ப 28 வயசு. அவள் படிப்பு சம்பந்தமா வீட்டில் எடுத்த முடிவு எல்லாம் நாங்க எடுத்ததுதான். வாப்பா "நீங்கதானே படிச்சவங்க, பாருங்க" என்று சொல்லிட்டு வயலுக்குப் போயிடுவார்.

உயிரியல் பிரிவில் போட்டதும் நாங்கதான். மூணு தரம் ஏ.எல். எழுதினாள். பல்கலைக்கழக அனுமதியில் 40 வீதம் நாடளாவிய திறமைக்கு, 55 வீதம் மாவட்டத்துக்கு, மிச்சம் 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. அந்தப் பின்தங்கிய பட்டியலில் எங்கட அம்பாறையும் இருக்கு. அதனால் "இந்த முறை கட்டாயம் கிடைக்கும்" என்று நாங்க கணக்குப் போட்டுக்கொண்டே இருந்தோம். மூன்றாவது தரமும் வெட்டுப்புள்ளிக்குக் கொஞ்சம் கீழ. அதுக்கு மேல எழுதினாலும் பல்கலைக்கழக அனுமதிக்கு எடுபடாது. அன்றைக்கு அவள் அழவில்லை. உம்மாதான் அழுதா.

அந்த நேரம் தாதியர் பயிற்சிக்கு வர்த்தமானியில் விண்ணப்பம் கேட்டிருந்தது. படிவத்தை நிரப்பினது நாங்க, கையெழுத்து மட்டும் அவள் வைத்தாள். "டாக்டர் இல்லாட்டி நேர்ஸ். ஹெல்த் தானே, எல்லாம் ஒண்டுதான்" என்று சொன்னோம். அந்த வார்த்தையைப் பற்றிப் பிறகு எழுதுறோம்.

மூணு வருஷப் பயிற்சி. கொரோனா காலத்தில் இழுபட்டுத்தான் முடிந்தது. நியமனக் கடிதம் வந்த அன்று வாப்பா ஒரு கிடாய் அறுத்தார். எங்கட பக்கத்தில் பெண்பிள்ளையை நேர்சுக்கு விடுறதுக்கு இன்னும் யோசிக்கிற வீடுகள்தான் கூட. உடுப்பு என்ன, நைட் டியூட்டி என்ன, ஆம்பிளை நோயாளியைத் தொடுறதா என்ன என்று கேட்டவங்களுக்கெல்லாம் நாங்க வாதாடினோம். அந்த வாதத்தில் ஜெயிச்ச பெருமை எங்களுக்குக் கனக்க இருந்தது.

அவளுக்குக் கிடைத்தது சத்திரசிகிச்சை விடுதி. காலை 7 மணி தொடக்கம் 1 மணி, 1 தொடக்கம் பின்னேரம் 7, இரவு 7 தொடக்கம் அடுத்த நாள் காலை 7. இந்த மூணுக்குள்ள ரோஸ்டர் சுத்தும். 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு கனக்கப் பேர் வெளிநாடு போயிட்டாங்க. அரச ஊழியர் 5 வருஷம் சம்பளமில்லா லீவில் போகலாம் என்று அந்த வருஷம் சுற்றறிக்கையும் வந்தது. போனவங்களைக் குறை சொல்ல நாங்க ஆள் இல்லை, அவங்கவங்க வீட்டு அடுப்பு அவங்கவங்களுக்குத் தெரியும். ஆனா இருந்தவங்கட தலையில் அந்த வேலை விழுந்தது. இரவில் ரெண்டு நேர்ஸ், நாற்பதுக்கு மேல நோயாளி, கட்டில் போதாமல் கீழே பாய் போட்டுப் படுத்திருக்கிறவங்க வேற.

ஒரு வருஷம் ஒன்றும் சொல்லவில்லை. நைட் முடிச்சு வந்து லுஹர் வரை படுப்பாள். முன்னைய மாதிரி எங்கட பிள்ளைகளோட விளையாடுறது குறைஞ்சது. "புது வேலை, பழகும்" என்று நாங்களே சொல்லிக்கொண்டோம்.

பிறகு ஒரு நாள் இந்தக் கதையைச் சொன்னாள். அவள்ட விடுதியில் ஒரு மாமா, அறுபது வயசு இருக்கும், சீனி வருத்தம். பெருவிரலில் வந்த புண். முதல் விரலை எடுத்தாங்க, மூணு மாசம் கழிச்சுத் திரும்ப வந்தார், பாதம். மூன்றாவது தரம் முழங்காலுக்குக் கீழே. மூணு தரமும் தங்கச்சிதான் மருந்து கட்டினாள். கடைசித் தரம் வீட்டுக்குப் போகும்போது அந்த மாமாட மனைவி கேட்டாவாம், "மகள், இந்த மருந்த வீட்டுல எப்படிக் கட்டுற?" ரெண்டு நிமிஷம் நின்று காட்டிக் கொடுக்க நேரமில்லை. அடுத்த கட்டிலில் டிரிப் முடிஞ்சு ரத்தம் ஏறிக்கொண்டிருந்தது. 

"அந்த வீட்டுக்கு மூணு வருஷத்துக்கு முந்தி யாராச்சும் போய் அவர்ட காலப் பார்த்திருந்தா, செருப்ப மாத்தச் செல்லியிருந்தா, அந்தக் கால் இப்ப இரிக்கும் காக்கா. நான் வெட்டினதுக்குப் பொறகு மருந்து கட்டுற ஆள். எனக்கு வெட்டுறதுக்கு முந்தி இருக்கிற வேலதான் விருப்பம்."

நாங்க ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டு, "களைப்பில பேசுறா" என்று விட்டுட்டோம்.

ரெண்டு மாசம் கழித்து குடும்ப சுகாதார உத்தியோகத்தர் பயிற்சிக்கு விண்ணப்பம் கோரினால் போடப் போகிறேன் என்று சாப்பாட்டுக்கு இருந்த இடத்தில் சொன்னாள். உங்களுக்கு விளங்கிற மாதிரிச் சொன்னா, மிட்வைப். வீடு வீடா வந்து பிள்ளைட நிறை பார்க்கிற, திரிபோஷா எழுதிக் கொடுக்கிற மிஸ்.

வீட்டில் பெரிய சத்தம். உம்மா சோற்றுக் கோப்பையை வைத்துவிட்டு எழும்பிட்டா. சாச்சிமார் போனில் வந்தாங்க. "நேர்ஸா இருந்தவ மிட்வைபா போறதா? மேல ஏறினவ கீழ இறங்குறதா?" நாங்க படிச்சவங்க என்பதால் இன்னும் அழகாகச் சொன்னோம். சம்பள அளவுத்திட்டத்தில் கீழே, திரும்பவும் ஒன்றரை வருஷப் பயிற்சி, நிரந்தர நியமனத்தில் மூணு வருஷத் தகுதிகாண் காலமே இன்னும் முடியவில்லை, பயிற்சிக்குப் போகும்போது எழுதிக் கொடுத்த ஒப்பந்தம் இருக்கு, இடையில் விட்டால் காசு கட்டணும். எல்லாம் உண்மையான காரணம்தான்.

ஆனா இந்தப் பதிவை எழுத வேணும் என்று நினைத்ததே அடுத்த விஷயத்துக்காகத்தான்.

எங்கட பிரதேசத்தில் பெண்பிள்ளைக்கு வீடு கட்டிக் கொடுக்க வேணும். எப்படி வந்த வழக்கம், மார்க்கத்தில் அதுக்கு இடம் இருக்கா என்று நூறு பயான் கேட்டிருக்கிறோம், கேட்டுட்டு வந்து அஸ்திவாரம் வெட்டியிருக்கிறோம். தங்கச்சிட வீடு ரெண்டு வருஷமா எழும்புது. வாப்பாட வயல் காசில் மதில் உயரம் வரை வந்தது. மிச்சம் கூரை, கதவு, ஜன்னல் எல்லாம் தங்கச்சி அவள்ட சம்பளத்தைக் காட்டி வங்கியில் எடுத்த லோன். மாசம் மாசம் அந்தத் தவணை போறது பெரும்பாலும் அவள்ட ஓவர்டைம் காசில். அதாவது அவளுக்கு விருப்பமில்லாத அந்த நைட் டியூட்டிகளில்தான் அவளுக்கான வீடு எழும்பிக்கொண்டிருந்தது. அதில் எங்கட பங்கு எவ்வளவு என்று கேட்டால், வீட்டில் மூத்தவங்க ரெண்டு பேரும் ஆசிரியச் சம்பளத்தில் எங்கட எங்கட குடும்பம் என்று கை விரிச்சவங்கதான்.

அதோட ஒரு மாப்பிள்ளைப் பேச்சும் நடந்துகொண்டிருந்தது. நல்ல குடும்பம். அவங்க கேட்டதே "அரச தொழில் உள்ள பிள்ளை" என்றுதான். வேலை மாறுற கதை அவங்கட காதுக்குப் போனதும் பேச்சு மெதுவாகி, பிறகு நின்றுவிட்டது. யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. போன் வரவில்லை, அவ்வளவுதான்.

அன்றிரவு தங்கச்சி கேட்டாள்: "நான் வார்டில நிக்கோணும் எண்டு நீங்க செல்றது எனக்காகவா, கூரைக்காகவா?"

பதில் சொல்ல ஏலாமல் இருந்தோம். இப்பவும் அந்தக் கேள்விக்கு நாங்க வாயால் பதில் சொன்னதில்லை.

அதுக்குப் பிறகு செய்த ஒரு உருப்படியான காரியம், சண்டை பிடிக்கிறதை நிறுத்திட்டுத் தெரிஞ்ச ஆளிடம் போய்க் கேட்டது. இதை முதலே செய்திருக்கலாம். பிள்ளைக்குத் தடுப்பூசி போடுற நாள், தங்கச்சியே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கிளினிக்குக்கு வந்தாள். எங்கட பகுதி மிட்வைப் மிஸ்ஸை உங்களில் கனக்கப் பேருக்குத் தெரியும், பேர் போடத் தேவையில்லை. கிளினிக் முடியும் வரை தங்கச்சி வாங்கிலேயே இருந்தாள். பிறகு மிஸ் தண்ணி குடிச்சுட்டு வந்து பக்கத்தில் இருந்து பேசினா.

அவ சொன்னதில் இருந்து எங்களுக்குத் தெரியாத விஷயம் எவ்வளவு என்று விளங்கினது. ஒரு மிட்வைபுக்கு ஏறத்தாழ 3,000 பேர் என்பது கணக்கு, பல இடத்தில் அதை விடக் கூட. கல்யாணம் முடிச்ச தம்பதிகள் அவங்கட பதிவேட்டில் இருப்பாங்க, கர்ப்பம் என்றால் எட்டுக் கிழமைக்குள் பதிய வேணும், பிள்ளை பிறந்து முதல் 10 நாளுக்குள் ரெண்டு தரம் வீட்டுக்குப் போக வேணும். மழை, வெயில், நாய், "இப்ப வராதீங்க, வீட்டுல ஆம்பிளையள் இருக்காங்க" என்ற கதவு. பின்னேரம் வீட்டுக்குப் போனாலும் பதிவேடு எழுதுற வேலை முடியாது. "நீங்க நினைக்கிற மாதிரி இருந்து பேசுற வேல மட்டும் இல்ல மகள், எழுத்து வேலையும் மலை மாதிரி" என்று சிரிச்சா. 

இந்த இடத்தில் பாடசாலைப் புத்தி கொஞ்சம் எட்டிப் பார்க்குது, மன்னிக்கோணும். இலங்கையில் முதலாவது சுகாதாரப் பிரிவு 1926ல் களுத்துறையில் தொடங்கினது. இன்றைக்கு நாம எம்.ஓ.எச். ஒபிஸ் என்று சொல்றது அதிலிருந்து வந்த ஏற்பாடுதான். 1940களின் தொடக்கத்தில் இந்த நாட்டில் ஒரு லட்சம் பிள்ளைப் பேற்றுக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட தாய்மார் இறந்துகொண்டிருந்தாங்க. இன்றைக்கு அது 30ஐ ஒட்டிய எண்ணிக்கை. வைத்தியசாலை, இலவச மருத்துவம், பெண்கள் படிச்சது எல்லாம் அதுக்குள்ள இருக்கு. அதோட இந்த மிஸ்மார் குடையைப் பிடிச்சுக்கொண்டு நடந்த நடையும் இருக்கு. அந்தப் பதவியைத்தான் எங்கட வீட்டில் "கீழ இறங்குறது" என்று சொன்னோம்.

மிஸ் கடைசியாகச் சொன்னதுதான் முக்கியம். "நீங்க ஏற்கெனவே நேர்ஸ். ஏன் விட்டுட்டுத் திரும்ப அடியில இருந்து வாறீங்க? உங்கட பாதையிலயே இங்க வரலாமே."

அந்தப் பாதை இதுதான். தாதிய உத்தியோகத்தர் ஒருவர் சேவையில் இருந்துகொண்டே ஆறு மாத மகப்பேற்றுத் தாதியப் பயிற்சி செய்யலாம். அதை முடிச்சவங்க பிறகு பொதுச் சுகாதார தாதிய சகோதரி பயிற்சிக்கு விண்ணப்பிக்கலாம். எம்.ஓ.எச். ஒபிஸில் மிட்வைப்மாரை வழிநடத்துற, கிளினிக்குகளைப் பார்க்கிற பதவி. அந்தப் பயிற்சி களுத்துறையில் உள்ள தேசிய சுகாதார விஞ்ஞான நிறுவகத்தில். 35 வயது தாண்டின பெண்களுக்கு சீனி, பிரஷர், மார்பு, கருப்பைக் கழுத்து எல்லாம் பார்க்கிற சுகவனிதையர் கிளினிக் 1996ல் இருந்து நடக்குது. (எங்கட ஊரில் எத்தனை பேர் போறாங்க என்று கேட்டால் மிஸ் பேச்சை மாத்துறா. ராத்தாமாரே, இலவசம்தான், போங்க.) வைத்தியசாலைகளில் சுகதேகிகளுக்கே சீனி, பிரஷர் பார்க்கிற ஆரோக்கிய வாழ்க்கைமுறை நிலையங்கள் 2011ல் இருந்து இருக்கு. சில வைத்தியசாலைகளில் வீடு திரும்பின நோயாளியைத் தேடிப் போய்ப் பார்க்கிற பொதுச் சுகாதார தாதிய உத்தியோகத்தரும் இருக்காங்க. அந்த மாமாட வீட்டுக்கு யாராச்சும் போயிருந்தா என்று தங்கச்சி சொன்ன அதே வேலை. அதுக்கு ஒரு பேர் இருக்கு, ஒரு கதிரை இருக்கு. எங்களுக்குத்தான் தெரியாது.

ஒரே சிக்கல், இந்தப் பாதை நீளம். ஒவ்வொரு பயிற்சிக்கும் விண்ணப்பம் கோரும் வரை காத்திருக்க வேணும், சேவைக்காலம் பார்ப்பாங்க, விடுதியில் ஆள் குறைவு என்று விடுவிக்காமல் இழுக்கவும் கூடும். அரச சேவையில் இருக்கிற ஒருவர் வேறு எந்தப் பதவிக்கு விண்ணப்பித்தாலும் திணைக்களத் தலைவர் ஊடாகத்தான் அனுப்ப வேணும், நேரடியாகப் போட்டால் செல்லாது. மிட்வைப் வேலைக்குப் போனால் ஒன்றரை வருஷத்தில் வீதியில் இறங்கலாம். நேர்ஸ் பாதையில் போனால் எத்தனை வருஷம் என்று யாராலும் சொல்ல ஏலாது. ஒரு பக்கம் சம்பளமும் லோனும், மறுபக்கம் அவள்ட வயசு.

இந்த முறை முடிவை நாங்க எடுக்கவில்லை. ரெண்டு கிழமை அவள் யோசித்தாள். தஹஜ்ஜுத்துக்கு எழும்புறது அறைக்குள் வெளிச்சத்தில் தெரியும். நாங்க எங்கட பங்குக்குச் செய்தது ஒன்றே ஒன்று. ராத்தாவும் காக்காவும் சீட்டுப் பிடிச்ச காசில் கொஞ்சமும், விற்காமல் வைத்திருந்த ஒரு வளையலும் சேர்த்து லோனில் ஒரு தொகையைக் கட்டினோம். இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை, ரெண்டு வருஷம் பிந்திச் செய்த காரியத்தில் என்ன பெருமை. தவணை குறைஞ்சதும் ஓவர்டைமை அவள் பாதியாக்கினாள். டைல்ஸ் போடுறதை நிறுத்தச் சொன்னாள். "சீமெந்துத் தரையில இருக்கிறவங்களுக்கும் கல்யாணம் நடக்கும்தானே" என்றாள். உம்மாவுக்கு அது இன்னும் செரிக்கவில்லை.

பிறகுதான் முடிவைச் சொன்னாள். வேலையை விடுறதில்லை. மகப்பேற்றுப் பயிற்சிக்குப் போடுறது. அது கிடைக்கும் வரை விடுதி மாற்றம் கேட்கிறது. விடுதிச் சிஸ்டர் முதலில் முகம் சுளித்தாலும், கடைசியில் கடிதத்தில் பரிந்துரை எழுதிக் கொடுத்தா. இப்ப தங்கச்சி வெளிநோயாளர் கிளினிக்கில். ஒரு நாளைக்கு எத்தனை பேருடைய காலைப் பார்த்தேன் என்று வீட்டில் வந்து சொல்றாள். போன கிழமை வாப்பாட செருப்பைத் தூக்கிக் குப்பையில் போட்டுட்டு வேறு வாங்கிக் கொடுத்தாள். வாப்பாவுக்கும் சீனி.

அந்த "ஹெல்த் தானே, எல்லாம் ஒண்டுதான்" என்ற வார்த்தைக்கு வாறோம். இந்தக் கதைக்குப் பிறகு பாடசாலையில் உயிரியல் பிரிவுப் பிள்ளைகளிடம் ஒரு தாள் கொடுத்து, என்னவாக வர விருப்பம் என்று எழுதச் சொன்னோம். வகுப்பில் மூணு பேரைத் தவிர எல்லாரும் டாக்டர். மருத்துவ ஆய்வுகூடத்தில் ரத்தம் பார்க்கிறவர் யார், எக்ஸ்ரே எடுக்கிறவர் என்ன படிச்சவர், பக்கவாதம் வந்தவரை நடக்கப் பழக்கிறவருக்கு என்ன பேர் என்று கேட்டோம். "அதெல்லாம் அட்டெண்டன்மார் தானே சேர்?" என்று ஒரு பிள்ளை கேட்டான். அவன்ட பிழை இல்லை. பேராதனையில் அதுக்கெல்லாம் தனியாக ஒரு பீடமே இருக்கு, தாதியம், மருந்தாளர், கதிரியக்கம், இயன்மருத்துவம், ஆய்வுகூடம் எல்லாம் பட்டப்படிப்பு. பேச்சு வராத, காது கேட்காத பிள்ளைகளுக்குச் சிகிச்சை கொடுக்கிற படிப்பு களனியில் இருக்கு. தமிழில் பேசிப் பழக்க ஆள் தேடி, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கொழும்புக்கு பஸ் ஏறுற பெற்றோர் எங்கட ஊரிலேயே இருக்காங்க. ஆனா அனுமதிக் கைநூலில் அந்தப் பக்கத்தை நாங்க ஒரு நாளும் பிள்ளைகளுக்கு விரித்துக் காட்டவில்லை.

நாங்களும் கலாசாலையில் ஒரு பாடம் பயின்று, பாடசாலையில் வேறு பாடம் எடுக்கச் சொல்லி விடப்பட்டவங்கதான். முதல் ரெண்டு வருஷம் விட்டுட்டு ஓட நினைத்தோம். அப்போது எங்களை ஒருத்தரும் "ஏன்" என்று கேட்கவில்லை என்ற கோபம் இன்னும் இருக்கு. அதே ஆட்கள்தான் தங்கச்சியிடமும் கேட்காமல் இருந்தோம்.

ஆக, கேட்டவங்க எல்லாருக்கும்: இல்லை, நேர்ஸ் வேலையை விடவில்லை. மகப்பேற்றுப் பயிற்சிக்கு விண்ணப்பம் போய் நாலு மாசம், பதில் இன்னும் இல்லை. துஆ செய்யுங்க. மாப்பிள்ளைப் பேச்சு நின்றது உண்மைதான், அதைப் பற்றிக் கேட்கிறவங்க உம்மாட முன்னால் கேட்காதீங்க.

ஒரு உதவி. களுத்துறையில் பயிற்சி எடுத்த எங்கட பகுதிப் பெண்கள் யாரும் உங்கட குடும்பத்தில் இருந்தால் எங்களுக்கு ஒரு மெசேஜ் போடுங்க. தங்குறது எங்க, சாப்பாடு எப்படி, நோன்பு காலத்தில் ஸஹருக்கு என்ன செய்தாங்க என்று உம்மா இப்பவே கேட்கத் தொடங்கிட்டா.